ரெண்டு ரவுட்டர் இருந்தும் கால் ஏன் கட் ஆகுது?

கீழ ஹால்ல ஒரு ரவுட்டர், மாடியில இன்னொண்ணு. எங்க நின்னு பார்த்தாலும் சிக்னல் நல்லாத்தான் இருக்கு. ஆனா வீடியோ கால் பேசிக்கிட்டே மாடி ஏறினா வாய்ஸ் கட் ஆகுது. ஹால்ல இருக்கிற பிரிண்டர் மாடி லேப்டாப்புக்குத் தெரியவே மாட்டேங்குது. ஆன்லைன் இன்டர்வியூ நடக்கும்போது இப்படி ஆனா, எதிர்ல இருக்கிறவருக்கு நம்ம வைஃபை கதையெல்லாம் தெரியாது. நாம பாதியில காணாமப் போனது மட்டும்தான் தெரியும்.

உடனே மூணாவதா ஒரு ரவுட்டர் வாங்கிடாதீங்க. இங்க ரெண்டு தனித்தனி பிரச்சினை இருக்கலாம். ஒண்ணொண்ணாப் பார்ப்போம்.

முதல் கேள்வி: வீட்டுல ஒரே நெட்வொர்க் இருக்கா, ரெண்டு இருக்கா? ஹால்ல நின்னு போனோட வைஃபை செட்டிங்ஸ்ல ஐபி அட்ரஸைக் குறிச்சு வைங்க. மாடிக்குப் போய், அந்த ரவுட்டர்ல கனெக்ட் பண்ணி மறுபடி பாருங்க. கீழ 192.168.1.23, மேல 192.168.0.12 என்று முதல் மூணு எண்கள் மாறுதா? அப்போ உங்க வீட்டுல ரெண்டு நெட்வொர்க் ஓடுது.

காரணம் இதுதான். ரவுட்டர்னு வாங்குற பெட்டி வைஃபை கொடுக்கிறதோட, வீட்டுல இருக்கிற ஒவ்வொரு கருவிக்கும் அட்ரஸும் கொடுக்கும். அந்த வேலைக்குப் பேர் டிஹெச்சிபி. ரெண்டாவது பெட்டியை வேன் போர்ட்ல சொருகி அப்படியே விட்டா, அது தனக்குன்னு ஒரு நெட்வொர்க்கை ஆரம்பிச்சுடும். பிரிண்டர் ஒரு பக்கம், லேப்டாப் இன்னொரு பக்கம். போன் மாடிக்குப் போனதும் அதோட அட்ரஸே மாறுது, அதனால ஓடிக்கிட்டிருக்கிற கால் அறுந்துபோகும்.

தீர்வு: ரெண்டாவது ரவுட்டரோட செட்டிங்ஸ்ல ஆக்சஸ் பாயின்ட் மோட் இருந்தா அதைப் போடுங்க. இல்லைன்னா, முதல்ல அதோட சொந்த ஐபியை மெயின் ரவுட்டரோட நெட்வொர்க்குக்குள்ள, வேற எதுக்கும் போகாத ஒரு எண்ணா மாத்துங்க. அடுத்து அதுல டிஹெச்சிபியை ஆஃப் பண்ணுங்க. கடைசியா, மெயின் ரவுட்டர்ல இருந்து வர்ற கேபிளை வேன் போர்ட்ல இருந்து எடுத்து லேன் போர்ட்ல சொருகுங்க.

இதுக்கப்புறமும் கால் கட் ஆனா, ரெண்டாவது கேள்வி: எந்த ரவுட்டர்ல இருக்கணும்னு யார் முடிவு பண்றாங்க? பலரும் ரவுட்டர்னு நினைக்கிறோம். உண்மையில முடிவு உங்க போனோடது. ஆப்பிளோட ஆவணப்படி, ஐபோன் தன்னோட சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்முக்குக் கீழ போனாத்தான் வேற இடம் தேட ஆரம்பிக்கும். டேட்டா ஓடிக்கிட்டிருந்தா, புது சிக்னல் குறைஞ்சது 8 டெசிபலாவது பலமா இருக்கணும். சும்மா இருந்தா 12.

ஹால் ரவுட்டர் ஃபுல் பவர்ல கத்திக்கிட்டிருந்தா, மாடியிலயும் அது மைனஸ் 65ல கேட்கும். போனுக்கு மாறணும்னே தோணாது. ஆனா போனோட பவர் ரவுட்டரை விடக் குறைவு. ரவுட்டர் சொல்றது போனுக்குக் கேட்கும். போன் சொல்றது ரவுட்டருக்குச் சரியாக் கேட்காது. அதனாலதான் சிக்னல் கோடுகள் இருந்தும் கால் திக்கித் திணறுது.

அதனால ரவுட்டரோட டிரான்ஸ்மிட் பவரைக் கூட்டாதீங்க, ஹையில இருந்து மீடியத்துக்குக் குறைங்க. ரெண்டுலயும் ஒரே வைஃபை பேர், ஒரே பாஸ்வேர்ட், ஒரே செக்யூரிட்டி வகை வைங்க. 2.4 கிகாஹெர்ட்ஸ்ல சேனல் மட்டும் வேற வேற இருக்கணும்: 1, 6, 11 மூணும் ஒண்ணோட ஒண்ணு மோதாது. அதனால ஒண்ணுக்கு 1, இன்னொண்ணுக்கு 6 போதும்.

மெஷ் செட்டுகள்ல 802.11கே, வி, ஆர்னு மூணு வசதி வரும். கே பக்கத்து ரவுட்டர்களோட லிஸ்ட்டைக் கொடுக்கும், வி மாறச் சொல்லி யோசனை சொல்லும், ஆர் மாறுற நேரத்தைக் குறைக்கும். ஆனா அப்பவும் முடிவு போனோடதுதான். ஆர் ஆன் பண்ணினதும் ஏதாவது பழைய கருவி கனெக்ட் ஆகலைன்னா, அதை மட்டும் ஆஃப் பண்ணிப் பாருங்க.

ஒரு நேரத்துல ஒரே ஒரு மாற்றம்தான் பண்ணுங்க. ஒவ்வொரு தடவையும் நண்பருக்கு வீடியோ கால் போட்டுக்கிட்டே ஹால்ல இருந்து மாடி வரைக்கும் நடந்து பாருங்க. இன்டர்வியூவுக்கு முந்தின நாளே இதை முடிச்சுடுங்க.