அஸ்திவார மூலை பெயர்ந்தால்

வீட்டு அஸ்திவாரத்தின் கான்கிரீட்டில் முதலில் அடிபடுவது மூலைதான். நேர்ச்சுவரில் ஈரமும் காற்றும் ஒரு முகத்தின் வழியாகத்தான் உள்ளே போக முடியும். மூலைக்கு இரண்டு முகம். அதனால் அங்கே இருக்கும் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைப் போலப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கலில் கான்கிரீட் ஆப்பு ஆப்பாகப் பிதுங்கி உதிர்கிறது.

கல்வராயன் மலையில், வெள்ளிமலை போன்ற சரிவு நிலத்து ஊர்களில், இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்ளும். மனையின் மேல்பக்கத்தை வெட்டி, அந்த மண்ணையே கீழ்ப்பக்கம் கொட்டிச் சமன் செய்தால், பாதி வீடு கெட்டித் தரையிலும் பாதி கொட்டிய மண்ணிலும் நிற்கும். இரண்டு பருவமழையும் மாறி மாறி நனைக்க, கொட்டிய மண் அமுங்கி அந்தப் பக்கத்து மூலை இறங்கும். மண்சுவர் வீடாக இருந்தால், கரைந்த மூலையில் குழைத்த மண்ணை அப்பிச் சாணம் போட்டு மெழுகினால் வேலை முடிந்தது. மண்ணோடு மண் ஒட்டிக்கொள்ளும். பழைய கான்கிரீட்டில் புதுக் கலவையை அதேபோல அப்பினால் ஒரு மழைக்காலம் தாங்குவதே அதிகம்.

ஆகவே உளியை எடுக்கும் முன் காரணத்தைப் பார்க்க வேண்டும். டிராக்டர் உரசி முனை மட்டும் போயிருந்தால் கவலை இல்லை. செம்பழுப்புக் கறை வழிந்திருந்தால் துரு. விரிசல் மேலேறிச் சுவரில் படிக்கட்டாக ஓடினால், கதவு நிலையில் இடித்தால், மூலை இறங்குகிறது என்று பொருள். விரிசல் முடியும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்து, அது கோட்டைத் தாண்டுகிறதா என்று மழைக்காலம் முழுக்கக் கவனிக்க வேண்டும். தாண்டினால் அது பொறியாளர் வந்து பார்க்க வேண்டிய வேலை. பூசி மறைத்தால் செலவுதான் இரட்டிக்கும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மேலே உள்ள செங்கல் சுவர் வெயிலில் விரிந்து தள்ள, அடித்தளத்தின் மூலை மட்டும் ஆப்பாகப் பெயர்வது சகஜம். பெரும்பாலும் வீட்டுக்கு ஆபத்தில்லாத உடைப்பு அது. எல்லா உடைப்பும் ஒன்றல்ல.

சுத்தியலால் தட்டினால் கெட்டியான இடம் ‘ணங்’ என்றும், உள்ளே விட்டுப்போன இடம் ‘பொத்’ என்றும் சத்தம் கொடுக்கும். ‘பொத்’ என்பதெல்லாம் போகும்வரை உளியால் கொத்த வேண்டும். ஓரத்தைச் சீவிவிட்டாற்போல மெல்லிசாக விடாமல், அரை அங்குல ஆழத்துக்குச் செங்குத்தாக வெட்டுவது முக்கியம். மெல்லிசாக விட்ட ஓரம்தான் முதலில் எழும்பும். துருவேறிய கம்பி தெரிந்தால், பின்பக்கம் விரல் நுழையும் அளவுக்குக் கொத்தி, கம்பி பிரஷால் பளபளக்கத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடிக்க வேண்டும். நூலாகத் தேய்ந்துவிட்ட கம்பியோடு புதுத் துண்டைச் சேர்த்துக் கட்ட வேண்டும்.

பிறகு தூசி போகக் கழுவி, முந்தின இரவே தண்ணீர் காட்டி ஊறவிட வேண்டும். வேலை தொடங்கும்போது பழைய கான்கிரீட் ஈரத்தில் கறுத்திருக்கலாம். மேலே தண்ணீர் நிற்கக் கூடாது. அதன்மேல் கெட்டியான சிமெண்ட் பால் தடவி, அது காயும் முன் கலவை ஏற வேண்டும். பள்ளம் ஓர் அங்குலத்துக்குள் என்றால் ஒன்றுக்கு மூன்று மணல் கலவை. அதற்கு மேல் ஆழமென்றால் கால் அங்குல ஜல்லி சேர்த்து ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று. ஓடை மணலைப் போடுவதென்றால் முதலில் கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீரோடு குலுக்கி வைத்துப் பார்க்க வேண்டும். மேலே தடித்த வண்டல் படிந்தால் அந்த மணல் வேண்டாம். தண்ணீரைக் குறைத்து, உருட்டினால் உடையாத பதத்தில், இரண்டு பக்கமும் எண்ணெய் தடவிய பலகை அடைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குத்தி நிரப்ப வேண்டும். சிமெண்டை அள்ளிப் போட்டால் உறுதி கூடும் என்பது பரவலான நம்பிக்கை. அது சுருங்கி வெடிக்கத்தான் வழி செய்யும்.

மறுநாள் பலகையைப் பிரித்ததும் ஈரச் சாக்கு சுற்ற வேண்டும். இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள் ஈரம் கேட்கிறது. சாம்பல் கலந்த சிமெண்டுக்கு 10 நாள். மலையில் குளிர்ச்சியாக இருக்கிறதே என்று சாக்கை எடுத்துவிடக் கூடாது, காற்று உலர்த்திவிடும். மழை நாளில் மேலே தார்ப்பாய்.

ஈசானம், அக்னி, கன்னி, வாயு என்று மூலைக்கு மூலை பெயர் சொல்லிக் கட்டுகிறவர்கள், மாடித் தண்ணீர் எந்த மூலையில் கொட்டுகிறது என்று பார்ப்பதில்லை. அந்தக் குழாயை நீட்டி விலக்கிவிட வேண்டும். மூலையைச் சுற்றி மூன்றடிக்கு மண்ணைக் கெட்டித்து வெளிச்சரிவு கொடுத்து, மேட்டுப் பக்கத்தில் ஒரு வாய்க்கால் வெட்டினால், மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் வீட்டைத் தொடாமல் ஒதுங்கிப் போகும்.