கொக்கி வால்: ஒடிந்ததா, பிறவியா?

மாணவர்களே, உணவுக் கடைகளின் அருகே குட்டையான, கொக்கிபோல் வளைந்த வாலுடன் திரியும் பூனைகளைப் பார்த்திருப்பீர்கள். “பாவம், யாரோ ஒடித்துவிட்டார்கள்” என்று நினைத்தீர்களா? எக்ஸ்ரே எடுத்தால் உண்மை தெரியும்.

எலும்பிலுள்ள கால்சியம் எக்ஸ்ரே கதிர்களை அதிகம் உறிஞ்சுவதால், எலும்பு படத்தில் வெள்ளையாகத் தெரியும். ஆய்வாளர்கள் வாலெலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணி, நீளத்தையும் அளப்பார்கள். படம் உண்மை அளவைவிடச் சற்றுப் பெரிதாக விழும். ஆகவே, அளவு தெரிந்த உலோகத் துண்டு ஒன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள்.

நீண்ட வாலில் பொதுவாக 20க்கும் மேற்பட்ட எலும்புகள் உண்டு. பிறவியிலேயே குட்டையான வாலில் எண்ணிக்கை குறையும். சில எலும்புகள் ஆப்பு வடிவில் இருப்பதால் வால் வளைகிறது. ஒடிந்த வாலிலோ முறிவுக் கோடு அல்லது எலும்பு கூடி ஆறிய தடிப்பு தெரியும்.

இதற்குக் காரணம் என்ன? ஆசியக் குட்டைவால் பூனைகளின் எச்.இ.எஸ்.7 மரபணுவில் ஒரு மாற்றம் இருப்பதை 2016இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். கருவில் முதுகெலும்புத் துண்டுகள் உரிய நேரத்தில் பிரிய உதவும் மரபணு அது.

எனவே, வளைந்த வாலை இழுத்து நிமிர்த்தப் பார்க்காதீர்கள், பூனைக்கு வலிக்கும். வீக்கமோ காயமோ இருந்தால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். சான்று இல்லாமல் யார்மீதும் பழி போடவும் வேண்டாம்.