உங்களுக்குத் தெரியுமா? குதிரை இல்லாத குதிரைப்படை

ரொறன்ரோவின் ரூஜ் பகுதியிலிருந்து 401 நெடுஞ்சாலையில் மேற்கே போனால் டவுன்ஸ்வியூவில் டெனிசன் படைக்கலக் கூடம் இருக்கிறது. ரொறன்ரோவின் தொண்டர் குதிரைப்படை மரபுக்கு இன்றைய வீடு அதுதான். 19ஆம் நூற்றாண்டில் டெனிசன் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக நடத்திய படை அது.

முதல் உலகப் போருக்கு அந்த மரபிலிருந்து ஆள் திரட்டி, 1914 இறுதியில் 4ஆவது கனடிய மவுண்டட் ரைபிள்ஸ் (குதிரையேறிய துப்பாக்கிப் படை) உருவானது. பெயரில் குதிரை உண்டு. பிரான்ஸ் போர்முனையிலோ இவர்கள் பதுங்குகுழிக்குள். முள்கம்பிக்கும் இயந்திரத் துப்பாக்கிக்கும் முன்னால் குதிரை என்ன செய்யும்? 1916 ஜனவரி 1 முதல் முறைப்படி காலாட்படையாகவே மாற்றிவிட்டார்கள்.

அதே ஆண்டு ஜூன் 2 அன்று, பெல்ஜியத்தின் மவுண்ட் சொரெலில் ஜெர்மன் பீரங்கிகள் இவர்களின் நிலையைத் தரைமட்டமாக்கின. 702 பேரில் காயமின்றித் தப்பியவர்கள் 76 பேர். அன்று முன்னணி நிலைகளைப் பார்வையிட வந்திருந்த தளபதி மால்கம் மெர்சரும் திரும்பவில்லை. போருக்கு முன் அவர் ரொறன்ரோவில் வழக்கறிஞராக இருந்தவர்.

அப்படியும் படை கலையவில்லை. 1917 அக்டோபர் 26, பாஷெண்டேல் சேற்றில் தாமஸ் ஹோம்ஸ் என்ற 19 வயது இளைஞர் தனியாக ஓடி, குண்டு வீசி இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளை அடக்கினார். திரும்பி வந்து இன்னொரு குண்டை வாங்கிப்போய்க் கான்கிரீட் அரணுக்குள் எறிய, உள்ளிருந்த 19 பேர் சரணடைந்தார்கள். இதற்காக அவர் விக்டோரியா கிராஸ் பெற்றார்.

போருக்குப் பின், 1936இல் ரொறன்ரோவின் இரு குதிரைப்படைகள் இணைந்து கவர்னர் ஜெனரலின் ஹார்ஸ் கார்ட்ஸ் ஆயின. 1944இல் இத்தாலியில் அவர்கள் டாங்கிகளில் போரிட்டார்கள். குதிரைகள் இப்போது விழா அணிவகுப்புக்கு மட்டும்.