பட்டினி கிடந்த புனிதையரைப் படித்தவர்

1380ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ரோமில் தங்கியிருந்த சியன்னா நகரத்துக் கத்தரீன் தண்ணீர் குடிப்பதையும் நிறுத்திவிட்டார். அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அவர் சாப்பாடு என்று சொல்லத்தக்க எதையும் சாப்பிட்டதில்லை. கசப்பான கீரைகளை மென்று சாற்றை விழுங்குவார், சக்கையைத் துப்பிவிடுவார். அதற்கு மேல் ஏதாவது உள்ளே போனால் வயிறு ஏற்காது. ஏப்ரல் 29 அன்று அவர் இறந்தபோது வயது 33. அவிஞ்ஞோன் நகரத்தை விட்டு ரோமுக்குத் திரும்பும்படி திருத்தந்தை பதினொன்றாம் கிரகோரிக்குத் துணிந்து கடிதம் எழுதியவரும் இதே கத்தரீன்தான். அவருடைய கடிதங்களில் ஏறக்குறைய 380 இன்றும் கிடைக்கின்றன. இந்த வாழ்க்கையைப் படிக்கும் இன்றைய வாசகர் பெரும்பாலும் ஒரு நோயின் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த பக்கம் புரட்டுவார். அந்த இடத்தில் புரட்டாமல் நின்றவர் கரோலைன் வாக்கர் பைனம் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர். இடைக்கால ஐரோப்பாவின் துறவிகள் எதைத் துறந்தார்கள் என்று கேட்டால் போதாது, துறப்பதற்கு அவர்கள் கையில் என்ன இருந்தது என்று கேட்க வேண்டும் என அவர் வற்புறுத்தினார். எளிமையாகத் தோன்றும் இந்தக் கேள்விதான் துறவற வரலாற்றை எழுதும் முறையை மாற்றியது என்பது என் கருத்து.

பைனம் 1941இல் அட்லாண்டாவில் பிறந்தார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இளங்கலை படித்து, 1969இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்று, அங்கேயே ஆசிரியரானார். அங்கு பெண் ஆசிரியர்களின் நிலையை ஆராய அமைத்த குழுவுக்கு அரசியல் கோட்பாட்டாளர் மைக்கேல் வால்சருடன் இணைத் தலைவராக இருந்து 1971இல் அறிக்கை தந்தார். பிறகு வாஷிங்டன் பல்கலைக்கழகம், 1988 முதல் கொலம்பியா, 2003 முதல் பிரின்ஸ்டனில் உள்ள உயராய்வு நிறுவனம் என்று அவருடைய பணி நகர்ந்தது. 1986இல் மக்ஆர்தர் நல்கை கிடைத்தது. 1996இல் அமெரிக்க வரலாற்றுச் சங்கத்தின் தலைவரானார். பதவிகளை இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். அவருடைய ஆய்வு முறை எப்படி உருவானது என்பதை முதல் புத்தகமே காட்டிவிடுகிறது. 12ஆம் நூற்றாண்டில் மடத்துத் துறவிகளும், மடத்து ஒழுங்கை ஏற்றுக் கூடி வாழ்ந்த குருமார்களும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வாழ்ந்தார்கள். இருவருக்கும் ஒரே ஜெப வேளைகள், ஏறக்குறைய ஒரே உணவு, ஒரே மௌனம். அப்படியானால் வேறுபாடு எங்கே என்று வரலாற்றாசிரியர்கள் திணறிக்கொண்டிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இரு தரப்பாரும் எழுதிய பயிற்சி நூல்களைப் பைனம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். மௌனத்தைப் பற்றித் துறவி எழுதும்போது அவர் நினைப்பு தன் ஆன்மாவின் மீது இருக்கிறது. குரு எழுதும்போது, தன் பேச்சும் மௌனமும் பக்கத்தில் இருப்பவருக்கு என்ன கற்பிக்கும் என்ற அக்கறை தலைதூக்குகிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே செயல், செய்தவர்கள் அதற்குக் கொடுத்த பொருள் வேறு. 1979இல் வெளிவந்த இந்த நூல் அறிஞர் வட்டத்தைத் தாண்டவில்லை. ஆனால் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அடித்தளம் இங்கேதான் போடப்பட்டது.

1982இல் வந்த ‘இயேசு தாயாக’ என்ற கட்டுரைத் தொகுப்பு அவரைப் பரவலாக அறியச் செய்தது. கிளேர்வோ மடாதிபதி பெர்னார்டு (1090–1153), இங்கிலாந்தில் ரீவோ மடத்தை நடத்திய ஏல்ரெட் போன்ற சிஸ்டர்சியன் சபையினர் இயேசுவைத் தாய் என்று அழைத்தார்கள். மடாதிபதியும் தன் கீழுள்ளவர்களுக்குத் தாயாக இருக்க வேண்டும், கடிந்துகொள்வதைக் குறைத்துப் பாலூட்ட வேண்டும் என்று பெர்னார்டு போதித்தார். இதைப் பார்த்தவுடன் எழும் விளக்கம், சமயத்தில் பெண்களின் செல்வாக்கு வளர்ந்ததால் பக்தி மென்மையானது என்பது. எழுதியவர்கள் யார் என்று பைனம் கேட்டார். எல்லாரும் ஆண்கள், பெரும்பாலும் மடங்களை நிர்வகித்தவர்கள். புதிய பெண் மடங்களைச் சேர்க்கக் கூடாது என்று 13ஆம் நூற்றாண்டில் தடை விதித்ததும் இதே சபைதான். ஆகவே தாய் உருவகம் பெண்கள் மீதான மரியாதையின் அடையாளம் என்று கொள்ள முடியாது. உலகை விட்டு ஒதுங்கி வந்தவர்கள் மடத்துக்குள் அதிகாரம் செலுத்த வேண்டியிருந்தபோது, அந்த அதிகாரத்தைப் பற்றி அவர்களுக்கு மன உறுத்தல் இருந்தது. கட்டளையிடும் தந்தையுடன் ஊட்டி வளர்க்கும் தாயையும் சேர்த்து, அந்த உறுத்தலை அவர்கள் ஆற்றிக்கொண்டார்கள். அதே நூலின் கடைசிக் கட்டுரை ஜெர்மனியின் ஹெல்ஃப்தா கன்னியர் மடத்தைப் பற்றியது. ஏறக்குறைய 5 வயதில் அங்கு விடப்பட்ட கெர்த்ரூதும், 7 வயதில் வந்த ஹக்கபோர்ன் மெக்தில்தும் தம் ஆன்மிக அதிகாரத்தைத் தயக்கமின்றிப் பேசுகிறார்கள். உலக வாழ்வின் நடுவே நெடுங்காலம் இருந்துவிட்டு முதுமையில் வந்து சேர்ந்த மக்தபுர்க் மெக்தில்தின் எழுத்தில், தான் ஒரு பெண் என்ற தாழ்வுணர்ச்சி திரும்பத் திரும்ப வருகிறது. பெண்கள் தாழ்ந்தவர்கள் என்று சொல்லும் உலகத்தில் வளராததுதான் முதல் இருவருக்கும் அந்தத் தைரியத்தைக் கொடுத்தது என்று பைனம் வாதிட்டார். மூன்று பேரின் நூல்களிலிருந்து இவ்வளவு நுட்பமான ஒரு சமூக உண்மையைப் பிரித்தெடுத்த விதத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

பட்டினிக்கு வருவோம். வரலாற்றாசிரியர்கள் டொனால்டு வைன்ஸ்டைனும் ருடால்ஃப் பெல்லும் 1000 முதல் 1700 வரை வாழ்ந்த 864 புனிதர்களைக் கணக்கெடுத்து 1982இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். அவர்களில் பெண்கள் 151 பேர், அதாவது 17.5 விழுக்காடு. ஆனால் நோயும் உடல் வேதனையுமே புனிதத்தின் மையமாக இருந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிக்கு மேல் பெண்கள். பெல் 1985இல் தனியாக எழுதிய நூலில், கத்தரீனைப் போன்ற இத்தாலியப் பெண்களின் பட்டினியை இன்றைய உணவு மறுப்பு நோயோடு சேர்த்துப் பார்த்து, அடக்குமுறைக்கு எதிராகத் தம்மைத் தாமே ஆள முயன்றவர்கள் என்று விளக்கினார். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து வந்ததுதான் பைனத்தின் புகழ்பெற்ற நூல், ‘புனித விருந்தும் புனித நோன்பும்’. அதன் அடிப்படை வாதம் இப்படிப் போகிறது. அசிசியின் பிரான்சிஸ் துணி வியாபாரியான தந்தையின் பணத்தையும் உடுத்தியிருந்த துணியையும் ஆயர் முன்னிலையில் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அவருக்குக் கொடுக்கப் பணம் இருந்தது. அதே காலத்துப் பெண்ணுக்குச் சொத்தின் மீதும் உரிமை குறைவு, திருமணத்தின் மீதும் உரிமை குறைவு. அவள் ஆளுகையில் இருந்தது அடுப்படி. சமைப்பதும் பரிமாறுவதும் அவள் வேலை. எனவே துறக்கவும் தானம் செய்யவும் அவளுக்குக் கிடைத்த பொருள் உணவுதான். கத்தரீன் தான் உண்ணாமல் இருந்ததோடு நிற்கவில்லை. தந்தை வீட்டுப் பண்டங்களை எடுத்து ஏழைகளுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தார். துரிங்கியாவை ஆண்ட குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்ட ஹங்கேரி எலிசபெத் (1207–1231) கணவரின் பந்தியில் உட்கார்ந்து, எந்தப் பண்டம் குடிகளிடமிருந்து அநியாயமாகப் பிடுங்கி வந்தது என்று விசாரித்து, அதைத் தொடாமல் விட்டதாக அவருடைய பணிப்பெண்கள் சாட்சி சொன்னார்கள். அவர் உண்ணாதிருந்தது அந்தக் குடும்பத்தின் வரிவசூல் மீது தொடுத்த குற்றச்சாட்டாகவே அமைந்தது.

நோன்புக்கு மறுபக்கம் விருந்து. 1215இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், அப்பமும் திராட்சை இரசமும் கிறிஸ்துவின் உடலாகவும் இரத்தமாகவும் மாறுகின்றன என்று வரையறுத்து, ஆண்டுக்கு ஒருமுறையாவது நற்கருணை வாங்க வேண்டும் என்று விதித்தது. அதைக் கையால் தொட்டு எழுந்தேற்றம் செய்வது குருவானவர் மட்டும். பெண்களுக்கு அந்த வழி மூடியிருந்தது. அந்த நூற்றாண்டில்தான் நற்கருணையின் மீது பெண்களின் தாகம் பொங்கி எழுகிறது. கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழா உருவானது லியேஜ் நகரத்துக் கன்னியான ஜூலியானாவின் விடாமுயற்சியால். 1246இல் உள்ளூர் ஆயர் அதை ஏற்றார், 1264இல் நான்காம் உர்பன் திருச்சபை முழுவதற்கும் ஆக்கினார். இன்று தமிழகத்துப் பங்குகளில் நற்கருணைப் பவனி போகும் அதே திருநாள்தான் இது. பைனம் இதில் இன்னொரு இழையையும் கோர்க்கிறார். தாய்ப்பால் என்பது உடலுக்குள் மாற்றமடைந்த இரத்தம் என்பது அக்கால மருத்துவத்தின் நம்பிக்கை. எனவே விலாவிலிருந்து இரத்தம் வடியும் கிறிஸ்து அவர்கள் கண்ணுக்குப் பாலூட்டும் தாயாகத் தெரிந்தார். பிறருக்கு உணவாகும் உடல் ஏற்கெனவே தம்மிடம் இருந்ததால், துன்புறும் தம் உடலைக் கிறிஸ்துவின் உடலோடு சேர்த்துப் பார்க்க அவர்களால் முடிந்தது. நோயின் பெயர் இதில் எதையும் விளக்காது. ஏன் உணவு, ஏன் கூடவே தானம், ஏன் நற்கருணைப் பசி என்ற மூன்றுக்கும் ஒருசேரப் பதில் சொல்வதுதான் பைனம் வாதத்தின் பலம்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவை வலுவானவை. கத்தரீனின் வாழ்க்கையை எழுதியவர் அவருடைய ஆன்ம குருவான கப்புவா ரேமண்ட், அதுவும் அவர் இறந்த பிறகு, புனிதர் பட்டத்துக்கு வழிசெய்யும் நோக்கத்தோடு. ஆண் குருமார் ரசித்து எழுதிய பட்டினியைப் பெண்களின் அனுபவம் என்று எடுத்துக்கொள்ளலாமா? பைனம் இதை உணர்ந்தே பெண்கள் தாமே எழுதியவற்றையும் படித்தார். அங்கே உணவு உருவகங்கள் குறையவில்லை, கூடவே செய்கின்றன. ஆனால் கத்தரீனின் ஒரு கடிதம் எளிதில் வளைவதில்லை. தன் பட்டினியைக் கண்டித்த ஒருவருக்கு அவர் எழுதும்போது, தான் சாப்பிட முயல்வதாகவும், இந்த உடற்குறையை நீக்கும்படி இறைவனை வேண்டுவதாகவும் சொல்கிறார். துறப்பு என்று சொல்லவில்லை, நோய் என்கிறார். அக்காலத்தவர் நோயையும் தவத்தையும் நாம் பிரிப்பதுபோல் பிரிக்கவில்லை, வந்த நோயையும் காணிக்கையாக ஏற்றார்கள் என்பது பைனத்தின் பதில். அது பெரும்பகுதி சரி. இருந்தாலும், உடல் தன் போக்கில் செய்ததையும் மனம் விரும்பிச் செய்ததையும் அந்த ஒரு பதிலில் கரைத்துவிட முடியாது என்றே நினைக்கிறேன். அதேபோல், சுயவதையை இப்படிப் பொருளுள்ளதாக விளக்குவது அதைப் போற்றுவதாகாதா என்ற கேள்வியும் உண்டு. அது நியாயமான கவலை. ஆனால் கத்தரீன் எப்படிச் செத்தார் என்பதைப் பைனம் எங்கும் மூடவில்லை. ஒரு பெண்ணுக்கு உணவைத் தவிர வேறு எதுவும் சொந்தமாக இல்லாத உலகத்தைக் காட்டுவது, அந்த உலகத்தின் மீதான குற்றச்சாட்டும்தான்.

வரலாற்றாசிரியர் காத்லீன் பிடிக் 1993இல் எழுப்பிய விமர்சனம் இன்னும் ஆழமானது. பெண் என்றாலே ஊட்டுபவள், தாய் என்று பைனம் சுருக்கிவிட்டார் என்றும், கிறிஸ்தவ உடலின் புனிதம் யூதர்களை வெளியே தள்ளி வரையப்பட்ட எல்லையையும் சேர்த்தது என்பதைக் கவனிக்கவில்லை என்றும் அவர் எழுதினார். நற்கருணை அப்பத்தைக் குத்தி இரத்தம் வரவைத்தார்கள் என்ற பொய்ப்பழியின் பேரில் ஜெர்மன் நாடுகளில் யூதர்கள் கொல்லப்பட்டது வரலாறு. 1492இல் ஸ்டெர்ன்பெர்க் ஊரில் மட்டும் 27 பேர் எரிக்கப்பட்டார்கள். பைனம் 2007இல் வெளியிட்ட இரத்த பக்தி பற்றிய நூலில் இந்த வழக்குகளுக்கு நேரடியாக வருகிறார். நூலின் மையம் பிராண்டன்பர்க் பகுதியின் வில்ஸ்நாக். 1383இல் எரிந்துபோன அந்த ஊரின் கோயிலில் இரத்தத் துளியுடன் மூன்று அப்பங்கள் கண்டெடுக்கப்பட்டதாகச் சொல்லிக் கூட்டம் குவிந்தது. செக் சீர்திருத்தவாதி யான் ஹுஸ் எதிர்த்தார், 1451இல் கர்தினால் கூசா நிக்கோலஸ் இத்தகைய அப்பங்களைக் காட்சிக்கு வைக்கத் தடை போட்டார், கூட்டம் குறையவில்லை. கடைசியில் 1552இல் ஒரு புராட்டஸ்டண்டு போதகர் அவற்றை எரித்தார். இரத்தம் உயிரையும் தரும், குற்றத்தையும் சாற்றும் என்ற இரட்டைத் தன்மையே ஒரு பக்கம் கண்ணீர் மல்கும் பக்தியையும் மறுபக்கம் கொலையையும் வளர்த்தது என்று பைனம் காட்டுகிறார். முந்தைய நூலில் இருந்த வெளிச்சம் இதில் குறைவு, நேர்மை அதிகம். அவர் எழுதியவற்றில் இதுதான் கடினமான நூல் என்பது என் மதிப்பீடு.

தமிழ் வாசகருக்கு ஒன்று தோன்றியிருக்கும்: நம் ஊர் நோன்பும் விரதமும் இதே மாதிரித்தானே? பைனம் தம் பிற்கால எழுத்தில் எடுத்துக்கொண்ட பிரச்சினையே இதுதான். வெளித்தோற்றம் ஒத்திருப்பதால் இரண்டை ஒப்பிடுவது எவ்வளவு தவறாகப் போகலாம் என்று 2014இல் ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவர் எடுத்த உதாரணங்களில் ஒன்று துர்க்கை பூஜை. மாதா சொரூபத்தையும் ஊர்வலமாகக் கொண்டுபோகிறார்கள், துர்க்கையையும் கொண்டுபோகிறார்கள், ஆகவே இரண்டும் ஒன்று என்று கண் சொல்லும். ஆனால் தெய்வம் எழுந்தருளும் திருமேனிக்குக் கிறிஸ்தவத்தில் நிகரானதைத் தேடினால் அது சொரூபமாக இருக்காது, நற்கருணை அப்பமாக இருக்கும். பார்வைக்கு ஒட்டுறவே இல்லாத இரண்டு பொருள்கள் செயலால் நெருங்கி நிற்கின்றன. இந்த எச்சரிக்கையோடு நம் விரதங்களைப் பார்த்தால் கேட்க வேண்டியவை வேறு: யார் சமைக்கிறார்கள், யாருக்காக உண்ணாமல் இருக்கிறார்கள், மிச்சப்பட்ட சாப்பாடு யார் இலைக்குப் போகிறது, வேறு எதையாவது துறக்கும் உரிமை அந்தப் பெண்ணுக்கு இருந்ததா. நம் ஊர்களுக்கு, நம் நூற்றாண்டுகளுக்கு இந்தக் கணக்கை எடுக்க வேண்டியவர்கள் இங்கே கல்வெட்டும் வாய்மொழியும் படிக்கத் தெரிந்தவர்கள்தான். சியன்னாவின் விடையை இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியாது.