தண்ணீரின் பாகுநிலை: புத்தகத்தில் 1.0, என் நோட்டில் 0.8

(ஒலிபரப்பின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு ஒரு சின்ன கணக்கு. கூடவே, கல்லூரி ஆய்வகத்துல நான் பண்ண ஒரு தப்பு.

பாகுநிலைன்னா என்ன? ஒரு திரவத்தோட அடுக்குகள் ஒண்ணு மேல ஒண்ணு நழுவும்போது, அதுக்குள்ளேயே ஒரு உராய்வு இருக்கும். தேன்ல அது அதிகம், அதனால மெதுவா வழியுது. தண்ணீர்ல குறைவு. எவ்வளவு குறைவுன்னு சொல்ற எண்தான் பாகியல் எண்.

இதை அளக்குற எளிய வழிக்குப் பின்னாடி பாய்சொய்ங்கிற பிரெஞ்சு மருத்துவர் இருக்கார். மெல்லிய ரத்தக் குழாய்கள்ல ரத்தம் எப்படி ஓடுதுன்னு புரிஞ்சுக்கத்தான் அவர் கண்ணாடி நுண்புழைகள்ல தண்ணீரை ஓடவிட்டுப் பார்த்தார். அதுல கிடைச்ச விதி இது:

பாகியல் எண் = (3.14 × அழுத்த வேறுபாடு × ஆரத்தின் நான்காம் அடுக்கு) ÷ (8 × குழாயின் நீளம் × ஒரு வினாடியில் வெளிவரும் கன அளவு)

எங்க ஆய்வகத்துல இருந்த குழாய் 50 சென்டிமீட்டர் நீளம். உள் ஆரம் 0.5 மில்லிமீட்டர். குழாயைப் படுக்கை வசமா வெச்சு, தண்ணீர் மட்டம் அதுக்கு மேல 10 சென்டிமீட்டர் உயரத்துல மாறாம இருக்குற மாதிரி பண்ணியிருந்தாங்க. அழுத்தம் கண்டுபிடிக்க அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூணையும் பெருக்கணும்: 996 × 9.8 × 0.1. ஏறக்குறைய 976 பாஸ்கல்.

5 நிமிஷத்துல 18 மில்லிலிட்டர் தண்ணீர் சேர்ந்தது. அதாவது வினாடிக்கு 0.06 மில்லிலிட்டர். எல்லாத்தையும் மீட்டர் அளவுக்கு மாத்திப் போட்டா, மேல 1.92 × 10⁻¹⁰, கீழே 2.4 × 10⁻⁷. வகுத்தா 0.0008 பாஸ்கல் வினாடி. சுருக்கமா, 0.8 மில்லிபாஸ்கல் வினாடி.

புத்தகத்தைப் புரட்டினேன். தண்ணீருக்கு 1.0-ன்னு போட்டிருந்தது. வயித்துல புளியைக் கரைச்ச மாதிரி ஆயிடுச்சு. 20 சதவீதம் பிழையோட ரெக்கார்டு நோட்டை எப்படி நீட்டுறது?

அப்பதான் அந்த நான்காம் அடுக்கு கண்ணுல பட்டது. ஆரத்தை 0.5-க்குப் பதிலா 0.53-ன்னு எழுதினா விடை 1.01 ஆயிடும். வெறும் 0.03 மில்லிமீட்டர்! நுண்ணோக்கியில படிச்ச அளவை அழிச்சுட்டு மாத்தி எழுதிட்டேன்.

சார் நோட்டைப் பார்த்தார். விடையைப் பத்தி ஒண்ணும் கேக்கல. "ஏம்ப்பா, தண்ணி எத்தனை டிகிரி இருந்துச்சு?"ன்னு மட்டும் கேட்டார்.

"30 சார்."

"1.0-ங்கிறது 20 டிகிரிக்கு. 30-ல எவ்வளவு வரணும்னு பார்த்தியா?"

அட்டவணையில 30 டிகிரிக்கு 0.797 இருந்தது. நான் அழிச்ச விடைதான் சரி. எழுதின விடைதான் தப்பு.

இங்கதான் விஷயமே இருக்கு. தண்ணீரின் பாகியல் எண்ணுன்னு ஒரே ஒரு எண் கிடையாது. 0 டிகிரியில சுமார் 1.79, 20-ல 1.00, 30-ல 0.80, 100-ஐ நெருங்கும்போது 0.28. தண்ணீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கிட்டு இருக்கு. சூடு ஏற ஏற அந்தப் பிடி தளருது, நழுவுறது சுலபமாகுது. நம்ம ஊர் அறை வெப்பநிலையில ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 2 சதவீதம் மாறும். அதனால வெப்பநிலையைக் குறிக்காம பாகியல் எண்ணை எழுதினா அது பாதி விடைதான்.

செய்யப் போறவங்க இன்னும் ரெண்டு விஷயம் கவனிக்கணும். ஒண்ணு, ஆரம். அதுல 1 சதவீதம் பிசகினா விடையில 4 சதவீதம் பிசகும். குழாயோட ரெண்டு முனையிலயும், குறுக்கும் நெடுக்குமா அளந்து சராசரி எடுங்க. ரெண்டு, ஓட்டம் வரிச்சீரா இருக்கணும். சுழற்சி ஓட்டத்துக்கு இந்த விதி பொருந்தாது. ரெனால்டு எண்ணைக் கணக்குப் போட்டுப் பாருங்க. எங்க குழாய்ல நீரின் வேகம் வினாடிக்கு 7.6 சென்டிமீட்டர், ரெனால்டு எண் சுமார் 95. 2000-க்கு ரொம்பக் கீழே இருக்கறதால கவலையில்லை. அகலமான குழாயை எடுத்து வேகமா ஓடவிட்டா இந்தச் சோதனையில தோத்துடுவீங்க.

சார் மார்க்கைக் குறைக்கல. 0.53-ஐ வட்டம் போட்டு, "மறுபடியும் அளந்து பார்"னு எழுதிக் கொடுத்தார். அளந்தேன். 0.5-தான் இருந்தது.

உங்க விடை புத்தகத்தோட ஒத்துப்போகலைன்னா, அளவை மாத்துறதுக்கு முன்னாடி தெர்மாமீட்டரைப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.