வீட்டிற்கு ஒரு ஸ்டீரியோ

மாணவர்களே, பல்லாண்டு பௌதிகம் கற்பித்த எனக்கே ஒரு நாள் பௌதிகம் மறந்துபோயிற்று. பணி ஓய்வு பெற்றபொழுது கைக்கு வந்த பணத்தில் ஸ்டீரியோ ஒன்று வாங்கக் கடைக்குச் சென்றேன். “இது 100 வாட், அது 50 தான்” என்றார் கடைக்காரர். வாட் இரு மடங்கானால் ஓசையும் இரு மடங்காகும் என்று எண்ணி, பணத்தின் பெரும்பகுதியை அந்த ஆம்ப்ளிஃபயருக்கே கொடுத்துவிட்டேன். எஞ்சிய தொகைக்குக் கிடைத்த ஒலிப்பெட்டிகளில் மிருதங்கம் கேட்டால், யாரோ பலகையைத் தட்டுவதுபோல் இருந்தது. அண்மையில் என் பழைய மாணவன் ஒருவன் முதற்சம்பளத்தோடு வந்து, “எதை வாங்கலாம், ஐயா?” என்று கேட்டான். அவனுக்குக் கூறியதையே உங்களுக்கும் கூறுகிறேன்.

பாட்டைத் தருவது ஒரு கருவி. அதன் மெல்லிய மின்குறியை வலுப்படுத்துவது ஆம்ப்ளிஃபயர். அதனை ஒலியாக்குவது ஒலிப்பெட்டி. ஒலிப்பெட்டியை நாம் ‘ஒலிபெருக்கி’ என்று வழங்குகிறோம். உண்மையில் அது எதனையும் பெருக்குவதில்லை. பெருக்கும் வேலை ஆம்ப்ளிஃபயருடையது. என் பணம் வழிதவறியதற்கு இப்பெயர்க் குழப்பமும் ஒரு காரணமோ என்னவோ!

50 வாட்டை 100 வாட் ஆக்கினால் ஒலிமட்டம் 3 டெசிபெல்தான் உயரும். நம் செவிக்கு ஓசை இரு மடங்காகத் தோன்ற வேண்டுமாயின் ஏறத்தாழ 10 டெசிபெல் உயர வேண்டும். அதற்கு ஆற்றல் பத்து மடங்காக வேண்டும். ஒலிப்பெட்டியின் விவரத்தாளில் 87 டெசிபெல், 90 டெசிபெல் என்று ஓர் எண் இருக்கும். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தொலைவில் அளந்த ஒலிமட்டம் அது. 87-க்குப் பதிலாக 90 உள்ள பெட்டியை வாங்கினால், ஆம்ப்ளிஃபயரின் ஆற்றலை இரட்டித்த பயன் செலவின்றியே கிடைத்துவிடும். அந்தத் தாளை நான் படிக்கவேயில்லை.

பெட்டி மின்னோட்டத்தை எதிர்க்கும் அளவு 8 ஓம் என்றோ 4 ஓம் என்றோ குறிக்கப்பட்டிருக்கும். 4 ஓம் பெட்டி மிகுதியான மின்னோட்டத்தை இழுக்கும். ஆம்ப்ளிஃபயர் அதனைத் தாங்குமா என்று முன்னரே பார்த்துக்கொள்க. இசைத்தட்டுக் கேட்பவருக்கு வேறொரு கவலை உண்டு. குறுந்தட்டுக் கருவி சுமார் 2 வோல்ட் தரும். இசைத்தட்டின் முள்ளோ பெரும்பாலும் 5 மில்லிவோல்ட் அளவே தரும். அன்றியும், தட்டைப் பதிக்கும்பொழுது தாழ்ந்த சுரங்களைக் குறைத்தும் உயர்ந்தவற்றைக் கூட்டியும் பதிக்கிறார்கள். அதனை மீண்டும் நேர்செய்தாக வேண்டும். இவ்விரண்டையும் செய்வது ‘ஃபோனோ’ என்னும் பகுதி. அது ஆம்ப்ளிஃபயரில் இல்லையெனில் தனியே வாங்க நேரும்.

கம்பிக்கு அதிகம் செலவிட வேண்டா. 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் 5 மீட்டர் போக, 5 மீட்டர் வர, மின்தடை 0.11 ஓம் அளவே. 8 ஓமுக்கு முன் அது எம்மாத்திரம்?

இனி, வைக்கும் இடம். ஆலன் புளும்லைன் என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1931-ஆம் ஆண்டில் இரு வழி ஒலிப்பதிவுக்குக் காப்புரிமை கோரினார். நம் இரு செவிகளும் திசையறிவதைப் பயன்படுத்திக்கொள்வதே அவர் கருத்து. ஆதலின் இரு பெட்டிகளும் கேட்பவரும் ஒரு சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளில் அமைவது நன்று. பெட்டியை அறையின் மூலையில் ஒடுக்கி வைத்தால் தாழ்ந்த ஒலி வீங்கிவிடும். என் வீட்டில் அவை மூலையில்தான் இருந்தன. ஓர் அடி முன்னே நகர்த்தியதும் மிருதங்கம் பாதி உயிர் பெற்றது, காசு செலவில்லை!

மாணவனுடன் நானும் கடைக்குச் சென்றேன். இருவகைப் பெட்டிகளையும் ஒரே ஒலிமட்டத்தில் வைக்கச் சொன்னேன். சற்று உரக்க ஒலிப்பதே நல்லது என்று செவி மயங்கிவிடும். அவனுக்கு நன்கு பழகிய பாட்டையே போடச் செய்தோம். எனக்கு இரண்டும் ஒன்றுபோலவே கேட்டன. அவனோ, “இதில் ஜால்ரா தெளிவாக இருக்கிறது, ஐயா” என்றான். இளஞ்செவிக்கு 20,000 அதிர்வு வரை எட்டும். முதுமையில் உச்ச ஒலிகளே முதலில் மறையும். அந்த ஜால்ராவை என்னால் கேட்க இயலவில்லை. அவன் காட்டிய பெட்டியையே கட்டித் தரச் சொன்னேன்.