தாம்பரம் மின்சார ரயிலில் மிச்சமாகும் வயது

தாம்பரத்தில் ஏறி பீச்சில் இறங்க, மின்சார ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். முப்பது ஆண்டுகள் தினமும் இப்படிப் போய்வந்து ஓய்வுபெறுபவர், வீட்டோடு இருந்த தன் இரட்டைச் சகோதரரைவிட இளையவராகிவிடுவார். 1905-இல் ஐன்ஸ்டைன் வெளியிட்ட சிறப்புச் சார்பியல் தரும் கணக்கு இது. மணிக்குச் சராசரியாக 30 கிலோமீட்டர் வேகம் என்று வைத்தால், மிச்சமாவது சுமார் 25 நானோ விநாடி. ஒரு விநாடியை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் 25. ஹேர் டை செலவில் ஒரு பைசாகூடக் குறையாது.

ரயிலிலிருந்து பார்த்தால் பிளாட்பாரம்தானே ஓடுகிறது, அங்கிருக்கும் கடிகாரமல்லவா மெதுவாக வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. சீரான வேகத்தில் போகும்வரை இருவர் பார்வையும் சரிதான். ஆனால் பீச் வரை போய்த் திரும்புபவர் ரயில்காரர் மட்டுமே. சமநிலை அங்கே உடைகிறது.

நானோ விநாடியை நம்பாதவர்கள் பிளாட்பாரத்தில் கையை நீட்டலாம். உள்ளங்கை வழியே விநாடிக்கு ஒன்று என்ற அளவில் மியுவான் துகள்கள் பாய்ந்துகொண்டிருக்கின்றன. காஸ்மிக் கதிர்கள் சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் காற்றோடு மோதுவதால் பிறப்பவை இவை. சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ விநாடி. ஒளியின் வேகத்தில் ஓடினாலும் அதற்குள் 660 மீட்டர்தான். அப்படிப் பார்த்தால் ஆயிரம் கோடியில் ஒன்றோ இரண்டோதான் தரைக்கு வரவேண்டும். வருவதோ ஏராளம். நம் கடிகாரத்தில் அவற்றின் ஆயுள் முப்பது, நாற்பது மடங்கு நீண்டுவிடுகிறது.

பலரும் சறுக்குவது இங்கேதான். மியுவானுக்குள் எதுவும் பழுதாகி மெதுவாகவில்லை; கூடுதல் ஆயுளை அது அனுபவிப்பதுமில்லை. அதன் கணக்கில் அதே 2.2 மைக்ரோ விநாடிதான். 15 கிலோமீட்டர் காற்றுதான் அதற்குச் சில நூறு மீட்டராகச் சுருங்கிவிடுகிறது.

இந்தத் துகளின் ஆயுளையே ஐன்ஸ்டைனுக்குச் சோதனையாக வைக்கலாம் என்று, மியுவான் என்ற பெயர் வழக்கத்துக்கு வருமுன்பே, 1938-இல் எழுதியவர் 28 வயது இயற்பியலாளர் ஹோமி பாபா. அமெரிக்காவின் கொலராடோவில் வெவ்வேறு உயரங்களில் துகள்களை எண்ணி, இயற்பியலாளர்கள் ரோஸியும் ஹாலும் 1941-இல் இந்த ஆயுள் நீட்சியை உறுதிசெய்தார்கள்.

பாபா தொடங்கிய டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் 'கிரேப்ஸ்-3' ஆய்வகம் ஊட்டியில் இருக்கிறது. அதன் 560 சதுர மீட்டர் மியுவான் தொலைநோக்கி இரவு பகலாக எண்ணுகிறது. 2014 டிசம்பரில் ஊட்டிக்கு மேல் கடந்த இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் இருந்ததை, மியுவான் வரத்து குறைந்ததை வைத்தே அங்குள்ளவர்கள் கணக்கிட்டார்கள்.